பதினாறடி இடைவெளி

அளவு நாடாவின் ஒரு முனையை எங்கள் வீட்டுச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாடாப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ரெய்னோ, பக்கத்து வீட்டு ஓனியின் சுவரை நோக்கி நடந்தார். அந்தச் சுவரை அவர் தொட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஓனியின் சமையலறைத் திரை லேசாக விலகியது. ரெய்னோ நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நல்லா அழுத்திப் பிடி, அய்லி. தொங்குது பாரு."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். எவ்வளவுன்னு சொல்லுங்க முதல்ல."

"பதினாறடி நாலங்குலம். விடு."

விட்டேன். நாடா புல்லின் மேல் சரசரவென்று ஓடிப்போய்ப் பெட்டிக்குள் சுருண்டுகொண்டது. ரெய்னோ திரும்பி வந்து, பின்வாசல் படியில் உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். நான் காப்பி போட உள்ளே போனேன். காப்பியைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்தபோதும் அவர் குனிந்தபடியே இருந்தார்.

அது செப்டம்பர் கடைசி.

நாங்கள் அளந்தது வீட்டைச் சூடாக்கும் புது ஃபர்னஸுக்காக. நிலவறையில் இருந்த பழையது எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அந்த வீட்டில் இருந்தது. முதலில் நிலக்கரி, பிறகு எண்ணெய், பிறகு எரிவாயு என்று அது தின்னும் பொருள் மாறியதே தவிர, அதன் பசி குறையவில்லை. கோடை முழுவதும் ரெய்னோ சாப்பாட்டு மேசையில் விளம்பரத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு படித்தார். இரண்டே வகைதான். எரிக்கும் வாயுவில் நூற்றுக்கு எண்பது பங்கு சூட்டை வீட்டுக்குத் தருவது ஒன்று. தொண்ணூற்றாறு பங்கு தருவது மற்றொன்று.

"எண்பதுன்னா மிச்சம் இருபது எங்க போகுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புகைபோக்கி வழியா மேல போகுது."

"மேலன்னா?"

"மேலதான். அங்க இருக்கறவங்களை நாம எதுக்குக் குளிர் காய வைக்கணும்? அவங்க பாடு அவங்க பார்த்துப்பாங்க."

தொண்ணூற்றாறு அவருக்குப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது புகையில் இருக்கும் கடைசிச் சூட்டையும் உறிஞ்சிக்கொள்கிறது. புகை குளிர்ந்து தண்ணீராகச் சொட்டுகிறது. அந்தத் தண்ணீரை வெளியேற்றத் தனியாக ஒரு குழாயே வைக்க வேண்டும். "புகையைக்கூடப் பிழிஞ்சு எடுத்துடுது. நம்ம சர்ச் பொருளாளர் மாதிரி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சர்ச் பொருளாளரிடமும் சொன்னார்.

ஆனால் அவ்வளவு குளிர்ந்த புகை புகைபோக்கியில் ஏறாது. இரண்டு வெள்ளைக் குழாய்களைச் சுவர் வழியாக வெளியே விட வேண்டும். ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், மற்றது ஆவியை வெளியே விடும். இரண்டில் எது அடைபட்டாலும் ஃபர்னஸ் தானாக நின்றுவிடும். மற்ற ஊர்களில் இது ஒரு பேச்சே இல்லை. இங்கே டிசம்பரில் விழுகிற பனி, ஏப்ரலில் ஜன்னல் உயரத்துக்கு நிற்கும். குழாயை எந்தச் சுவரில் விடுவது என்பதுதான் இங்கே கேள்வி. முன்சுவரிலும் பின்சுவரிலும் கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து விழும். மேற்குப் பக்கம் தெரு. பனி ஒதுக்கும் வண்டி அங்கே சுவரோடு சுவராகக் குவித்துவிட்டுப் போகும். மிஞ்சியது கிழக்குச் சுவர், ஓனியின் பக்கம்.

அந்த இடைவெளியில்தான் ஓனி தன் வீட்டுப் பனியையெல்லாம் கொட்டுவார்.

சுரங்கக் கம்பெனி இந்தத் தெருவின் வீடுகளை ஒரே அச்சில், ஒரே இடைவெளி விட்டுக் கட்டியது. எது யாருடைய நிலம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, எல்லாம் கம்பெனியுடையது. கம்பெனி போன பிறகும் ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டு வீட்டாரும் பனி கொட்டினார்கள். ஒரு வருடம் ஓனி கொட்டிய குவியல் சரிந்து, எங்கள் பண்டக அறை ஜன்னல் உடைந்தது. ரெய்னோ புதுக் கண்ணாடி போட்டார். ஓனி ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தார். சொல்லவில்லை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஓனியின் மனைவி இம்பி இருந்தவரை, சொல்ல வேண்டியதை நானும் அவளும் வேலிக்கு மேல் சொல்லிக்கொள்வோம். அவள் போன பிறகு அதுவும் நின்றது.

ஆனால் விளக்கு இருந்தது. தெருவில் எல்லார் வீட்டிலும் இருக்கும் விளக்குதான். வீட்டுச் சூடு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், சின்னப் பெட்டி ஒன்று தானாகச் சிவப்பு பல்பை எரிய வைக்கும். ஃபர்னஸ் நின்றுபோய்த் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிப்பதற்குள் பக்கத்து வீட்டார் பார்த்து ஓடிவர வேண்டும் என்று வைப்பது. ரெய்னோ எங்கள் விளக்கைப் பண்டக அறை ஜன்னலில், உடைந்து மாற்றிய அதே ஜன்னலில் வைத்திருந்தார். ஓனியின் சமையலறையிலிருந்து தெரிவது அது ஒன்றுதான். ஓனியின் விளக்கும் எங்களைப் பார்த்தே இருந்தது. பிப்ரவரியில் குவியல் ஜன்னலை மறைக்கும்போது, ரெய்னோ மண்வெட்டியோடு போய் விளக்குக்கு நேராகப் பனியில் ஒரு பள்ளம் வெட்டுவார். பாதி தூரத்தில் நிறுத்திவிடுவார். மறுநாள் பார்த்தால் மீதிப் பாதியும் வெட்டப்பட்டிருக்கும்.

ரெய்னோவின் அடக்கத்துக்குப் பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பி கொடுத்தார்கள். ஓனி கடைசி மேசையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தார், ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி ஒரு துண்டு சாப்பிட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அக்டோபர் நடுவில் எரிவாயுக் கம்பெனி ஆள் வருடாந்தரப் பரிசோதனைக்கு வந்தான். ஃபர்னஸுக்குள் விளக்கடித்துப் பார்த்து, சூட்டுப் பெட்டியில் விரிசல் என்றான். விஷக்காற்று வீட்டுக்குள் வரும் என்றான். வாயுவை அடைத்து, குழாயில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுப் போனான். மூன்று மின்சாரக் கணப்புகளை வைத்துக்கொண்டு நான் இருந்தேன். அக்டோபருக்கு அது போதும். ஜனவரிக்குப் போதாது.

கிரீன் பே நகரத்திலிருந்து மகன் டேல் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அம்மா, வீட்டைப் பூட்டு. குழாய்த் தண்ணியை வடிச்சுடலாம். குளிர்காலம் முடியற வரைக்கும் மட்டும் இங்க வந்து இரு."

"நம்ம தெரு ஹில்யாவும் அப்படித்தான் போனா."

"அவங்களுக்கு உடம்பு சரியில்லாம போச்சும்மா."

"வீட்டுக்கும்தான் சரியில்லாம போச்சு. இன்னும் ஜன்னல்ல பலகைதான் அடிச்சிருக்கு."

"சரி, நவம்பர் கடைசி வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஃபர்னஸ் வரலைன்னா நானே வந்து கூட்டிட்டு வந்துடுவேன். இதுக்கு மேல என்கூட வாதாடாத."

குளிர்காலத்துக்கு மட்டும் என்று போன யாரும் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை. அவனுக்கும் அது தெரியும்.

ஃபர்னஸ் மாட்டும் ஸ்டிமாக்கை வரச் சொன்னேன். பள்ளி நூலகத்தில் என்னிடம் புத்தகம் எடுத்தவன். நான் ஆசிரியை அல்ல என்று எத்தனை தடவை சொன்னாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். நிலவறையிலிருந்து கூரைக்கடியில் இருக்கும் மாடவறை வரை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"டீச்சர், எண்பதைப் போடணும்னா புகைபோக்கி வேணும். உங்களுது உள்ளுக்குள்ள இடிஞ்சு கிடக்கு. கொத்தனார் ஜூன் மாசத்துக்கு முன்னாடி வரமாட்டார்."

"இந்த வெள்ளைக் குழாயையே புகைபோக்கிக்குள்ள மேல விட முடியாதா?"

"அது மாடவறையில ஒரு வளைவு வளைஞ்சு போகுது. அதுக்குள்ள குழாயும் போகாது, ஆளும் போக முடியாது. தொண்ணூத்தாறுதான் வழி. அதுவும் கிழக்குச் சுவர்தான்."

"உயரமா வச்சா?"

"வைக்கலாம். ஆனா ஓனி குவிக்கிற குவியல் என்னை விட உயரமா நிக்குமே! அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த வாரமே மாட்டிடறேன். அவர் சொல்லாம நான் சுவத்துல ஓட்டை போட மாட்டேன். ஜனவரியில உங்க ஃபர்னஸ் நின்னா ஊரே என்னைத்தான் திட்டும்."

அன்று மதியமே ஓனியின் பின்வாசலைத் தட்டினேன். நானும் ஓனியும் ஒரே பள்ளிக்கூடம். அவர் ஏழு வகுப்பு மேலே படித்தார் என்றாலும் சின்ன வயதிலிருந்தே நீ, வா, போதான். ஓனி கதவைத் திறந்து, படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், காற்று, ஆவி, டேல், நவம்பர் கடைசி.

"அங்கதான் நான் பனி போடறேன்" என்றார்.

"தெரியும். அதைத்தான் கேக்க வந்தேன்."

"நாப்பது வருஷமா போடறேன்."

"அதுவும் தெரியும், ஓனி."

"அந்த ஆவி வேற நேரா என் சமையக்கட்டு ஜன்னலுக்கு வரும். உன் வீட்டு ஆவியைப் பார்த்துட்டே நான் காப்பி குடிக்கணுமா?"

"இப்ப எதைப் பார்த்துட்டுக் குடிக்கற? என் சுவத்தைத்தானே?"

"சுவர் சும்மா இருக்கு." கொஞ்ச நேரம் தன் பூட்ஸைப் பார்த்தார். "முடியாது, அய்லி."

கதவு மெதுவாக மூடிக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். வீட்டுக்கு வந்து பீங்கான் தட்டுகளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தேன். எப்படியும் சுற்றத்தான் வேண்டும் என்று தோன்றியது.

நவம்பர் இரண்டாம் வாரம் முதல் பெரும் பனி வந்தது. அது ஒரு சனிக்கிழமை. காலையில் ஓனி தன் ஸ்கூப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார். கைப்பிடி வைத்த அகலமான தகரத் தட்டு அது. தூக்க வேண்டாம், தள்ளினால் போதும். வழக்கம்போல இடைவெளியில் கொட்டினார். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். மறுபடி கொட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சவுனாவை மூட்டினேன். நீராவிக் குளியலுக்காகப் பின்னால் தனியாக நிற்கும் சின்ன மரக்கட்டடம், விறகு அடுப்பு. வீட்டுக்குள் கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கிடந்தவளுக்கு அந்த வாரத்தில் அது ஒன்றுதான் சூடு. கல்லில் தண்ணீர் ஊற்றி, மேல்பலகையில் ஏறி உட்கார்ந்தேன். சீக்கிரம் இறங்க மனம் வரவில்லை.

கதவு படாரென்று திறந்தது. வாசலில் ஓனி. காதுமூடித் தொப்பி, கையில் டார்ச், தோளெல்லாம் பனி.

"அய்லி! உயிரோட இருக்கியா?"

"கதவைச் சாத்து. சூடு போகுது."

"உன் வீட்டுல விளக்கு எரியுது!"

"உள்ள வா, இல்ல வெளிய போ. ரெண்டுல ஒண்ணு பண்ணு. நடுவுல நின்னு இருக்கற சூட்டையும் விரட்டாத."

கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார். நான் துடைத்துக்கொண்டு, போர்வை அளவுக்கு இருந்த ரெய்னோவின் அங்கியைப் போட்டுக்கொண்டு உடை மாற்றும் அறைக்கு வந்தேன். ஓனி பெஞ்சில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் மூச்சு இரைத்தது.

"வீடு பூரா தேடினேன். மாடி, நிலவறை, கட்டிலுக்கு அடியில கூட."

"கட்டிலுக்கு அடியில நான் எதுக்குப் போறேன்?"

"எனக்கென்ன தெரியும்? குளிர் ஏறினா மனுஷன் எங்க வேணாலும் போவான். மூணு கணப்பையும் ஒரே இணைப்புல சொருகி வச்சிருக்க. அந்த இணைப்போட ஃப்யூஸ் போச்சு. தண்ணியை அடைச்சு வடிச்சுட்டேன். குழாய் ஒண்ணும் உடையல."

"சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஃபின்லாந்துக்காரி எங்க இருப்பான்னு உனக்குத் தெரியாதா, ஓனி? கட்டிலுக்கு அடியில தேடற!"

அவர் யோசித்தார். காது சிவந்தது. பிறகு தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தார். நான் குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார்.

"எனக்கு எண்பத்தோரு வயசு."

"தெரியும்."

"அங்க போடாம வேற எங்க போடறது? பின்னாடி என் சவுனா வரைக்கும் தள்ளணும்னா மேடு. ரெண்டு வருஷமா நெஞ்சு பிடிக்குது. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா என் பொண்ணு வந்து கூட்டிட்டுப் போயிடுவா."

அவர் முடியாது என்று சொன்னதற்கு ரெய்னோவோடு இருந்த பகைதான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க உருளைக்கிழங்கு நிலத்துல போடு" என்றேன். "உன் பின்வாசலுக்கு நேர் எதிர்ல இருக்கு. மேடும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அதுலயா? என் பூனை அதுல கால் வச்சாலே ரெய்னோ கத்துவான்."

"இனிமே கத்த மாட்டார்."

ஓனி கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"அந்த ஜன்னல்" என்றார். "உள்ள ஐஸ் கட்டி இருந்திருக்கு. வெறும் பனின்னு நினைச்சுதான் தள்ளினேன்."

"இதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"அவன் கேக்கவே இல்லையே."

"நீ சொல்லுவன்னு அவர் காத்துட்டு இருந்தார்."

"நான் அவன் கேப்பான்னு காத்துட்டு இருந்தேன்." கோப்பையை என் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து. நாளைக்கே அந்த ஸ்டிமாக் பயலைக் கூப்பிடு."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"அப்ப திங்கக்கிழமை கூப்பிடு. எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க."

ஸ்டிமாக் வந்தபோது, இடைவெளியில் கொட்டியிருந்த பனியையெல்லாம் ஓனி ஏற்கெனவே உருளைக்கிழங்கு நிலத்துக்குத் தள்ளி முடித்திருந்தார். எத்தனை தடவை நின்று மூச்சு வாங்கினார் என்று நான் பார்க்கவில்லை. பழைய ஃபர்னஸைத் துண்டு துண்டாக அறுத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதன் இடத்தில் ஒரு துணி அலமாரி அளவுக்குச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்து நின்றது. வாயுவைத் திறந்ததும் அது ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். காற்று பழையது போலச் சுடவில்லை, இளஞ்சூடாக நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கையுறை காய முன்பைவிட நேரம் ஆகிறது. மற்றபடி குறை ஒன்றுமில்லை.

நவம்பர் கடைசியில் டேல் காலி அட்டைப்பெட்டிகளோடு வந்தான். நிலவறைக்குப் போய்ப் பார்த்தான். ஒவ்வொரு அறையிலும் நின்று பார்த்தான். செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த தட்டுகளைப் பிரித்து அலமாரியில் அடுக்க உதவினான். பெட்டிகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினான்.

"ஒரு குளிர்காலம் பார்க்கலாம்மா" என்றான்.

"பாரு" என்றேன்.

அந்தக் குளிர்காலத்தில் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. காலையில் சுவரிலிருந்து வெள்ளை ஆவி கிளம்பி இடைவெளியில் மிதக்கும். அதற்கு அந்தப் பக்கம் ஓனி காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பது மங்கலாகத் தெரியும். அவருக்கும் எனக்கும் பேச்சு பெரிதாக அதிகமாகிவிடவில்லை. பனி கொட்டும்போது கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன்.

மே மாதம் உருளைக்கிழங்கு போடும் நேரம் வந்தது. நிலத்தின் மேல் ஓனியின் குவியல் இன்னும் மார்பளவு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவே மட்டும் பனி முழுவதும் போய், மண் கறுத்து, காலை வைத்தால் அமுங்கியது. ஓனி ஒரு மண்வெட்டியோடு அங்கே வந்து நின்று ஒரு கட்டி மண்ணை எடுத்து விரலால் பொடித்துப் பார்த்தார்.

"இங்கயே போட்டுடலாம்" என்றார். "ஆளுக்குப் பாதி. ஆனா அளந்துடணும். நாளைக்கு உன் கிழங்கு என் பக்கம் வந்துடுச்சு, என் கிழங்கு உன் பக்கம் வந்துடுச்சுன்னு இன்னொரு இருபது வருஷம் என்னால முடியாது."

"இருபது வருஷம் இருப்பன்னு யார் சொன்னா?"

"அதுவும் சரிதான். ஆனாலும் அள."

ரெய்னோவின் கோட்டு கதவுக்குப் பின்னால் அதே ஆணியில் தொங்கியது. அதன் பையில் அளவு நாடா இருந்தது. ஓனி ஒரு முனையைத் தன் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் பெட்டியோடு எங்கள் சுவர் வரை நடந்தேன்.

"தொங்குது பாரு, இழுத்துப் பிடி" என்றார் ஓனி. "எவ்வளவு?"

குனிந்து பார்த்தேன். பதினாறடி நாலங்குலம்.